அரை அறை

தூண் என்று இந்த ஊருக்குப் பெயர்.
எதைத் தாங்குகிறது என்று ஒருவரும் சொன்னதில்லை.
ஆறு மட்டும் பச்சையாய், அவசரமாய்
கடைகளுக்கு நடுவே ஓடுகிறது.
நாங்கள் மூன்றாம் மாடியில்
நாலரை அறை வீட்டில்
இருபத்தாறு வருஷம்.

அந்த அரை அறை எங்கே என்று
வந்த நாளிலிருந்து தேடுகிறேன்.
குளியலறை கணக்கில் இல்லையாம்.
பல்கனியும் இல்லையாம்.
வாடகையில் மட்டும் அது
ஒவ்வொரு மாதமும் ஒழுங்காய் வந்தது.

இப்போது இரண்டரைக்குப் போகிறோம்.
அங்கேயும் ஓர் அரை.

நிலவறையில்
மரச்சட்டம் அடித்த எங்கள் கூட்டைத் திறந்தேன்.
டின்னர் செட் நாலு, பெட்டி பிரிக்காமல்.
ஒன்றின் அடியில் காட் ஒட்டியிருந்தது:
'கீர்த்தனாவின் பூப்புனித நீராட்டுக்கு
அன்புடன் திருநாவுக்கரசு குடும்பம்.'
எங்கள் வீட்டில் கீர்த்தனா இல்லை.
எத்தனை மண்டபம் ஏறி இறங்கியதோ!
நானும் அடுத்த சனிக்கிழமை
ஒரு பிறந்தநாளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்,
காட்டை உரித்துவிட்டுத்தான்.

வீடியோ கசெட் முப்பத்தொன்று.
ஒன்றில் தங்கையின் கலியாணம்.
ஓட்ட மெசின் இல்லை.
காதோடு வைத்து ஆட்டிப் பார்த்தேன்.

குப்பைப் பைக்கும் காசு கேட்கிற தேசம் இது.
வாங்கும்போது ஒரு தரம்,
எறியும்போது ஒரு தரம்.
நகுலேசன் கணக்குப் பார்த்து
பழைய கம்பளிக் கோட்டைத் திரும்ப மாட்டிவிட்டார்.
எடுத்து மடித்தேன். மாட்டினார்.
மடித்தேன்.

ஆகக் கடைசியில், சுவரோடு சுவராய்
அந்தச் சூட்கேஸ்.

தொண்ணூற்றாறில் ஒரு கடிதம் வந்தது.
பதினைந்து நாளுக்குள் என்று இருந்தது.
அன்றிரவே அடுக்கினோம்.
பிறகு வழக்கறிஞர், பிறகு இன்னொரு கடிதம்,
பிறகு பி, பிறகு சி,
பிறகு சிவப்புப் பாஸ்போட்.
ஒருவரும் அதைத் திறக்கச் சொல்லவில்லை.
மூன்று வீடு மாறியும்
நிறைந்தபடியே தூக்கி வந்தோம்,
பாரம் என்று முணுமுணுத்தபடி.

திறந்தேன்.
விலைச்சீட்டு தொங்கும் ஆண் சேட் ஒன்று.
சவர்க்காரம் ஐந்து கட்டி.
உருகி ஒழுகிய பற்றரியோடு டோச் லைற்.
மூன்று வயதுக்கான பூப்போட்ட சட்டை.
அப்போது ஆரபிக்கு ஏழு மாதம்.
திருப்பி அனுப்பினாலும்
பிள்ளை வளரும் என்று நினைத்திருக்கிறேன் போல.

லோசானிலிருந்து அவள் திரையில் வந்தாள்.
எட்டிப் பார்த்து,
"என்னம்மா, யாரின்ட?" என்றாள்.
"தெரியாது" என்றேன்.

பின்னேரம் வாசல் மதில் மேல்
சூட்கேஸைத் திறந்தபடி வைத்தேன்.
'இலவசம், எடுத்துக்கொள்ளுங்கள்' என்று
ஜெர்மனில் எழுதினேன்.
எழுத்துப்பிழை ஒன்று. திருத்தவில்லை.
யன்னலால் நாலு தரம் பார்த்தேன்.
சீட்டை வாசித்த ஸ்பிண்டன் சீமாட்டி
பேனாவெடுத்துப் பிழையைத் திருத்திவிட்டுப் போனார்.

காலையில் சூட்கேஸ் இல்லை.
மிச்சத்தை யாரோ
நாங்கள் அடுக்கிய அதே ஒழுங்கில்
மதில் மேல் மடித்து வைத்திருந்தார்கள்.
சட்டை மட்டும் இல்லை.
இந்த ஊரில் எங்கேயோ ஒரு பிள்ளைக்கு
மூன்று வயது.

சேட்டை நகுலேசன் போட்டுப் பார்த்தார்.
பொத்தான் வயிற்றுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.
விலைச்சீட்டைக் கழற்றாமல்
கண்ணாடிக்கு முன்னால் கனநேரம் நின்றார்.
கோட்டைப் பற்றிப் பிறகு பேசவில்லை.

சவர்க்காரத்தால் அவணைத் தேய்த்தேன்.
மணம் போயிருந்தது. நுரை வந்தது.

திறப்பு வாங்க வந்த பெடியன்
விரலால் தூசி தொட்டுப் பார்த்தான்,
ஆணித்துளை எண்ணினான்.
கையெழுத்து வைக்கும்போது கேட்டேன்,
அந்த அரை அறை எது?

சிரித்தான்.
குசினி தாண்டி ஒரு மூலையைக் காட்டினான்.
சாப்பாட்டு மேசை போடுகிற இடமாம்.

அங்கேதான் பெரிய ஃபிரீசர் நின்றது,
அதன் மேல் அரிசி மூட்டை,
அதன் மேல் பெட்டிகள்.

அங்கே ஒரு யன்னல் இருந்தது.
அதற்குள்ளால் மலை தெரிந்தது.