கொள்ளளவு

படகின் பக்கவாட்டில் வெள்ளை எழுத்து:
பத்துப் பேர்.
அதில் மூன்று பேர் நாங்கள்.
மோட்டார் பிடிக்கும் நாயக் போரோ,
முனையில் மூங்கில்கழியோடு எல்லையா,
நடுவில் நான், சாப்பர் மாசிலாமணி,
கயிற்றுக்கும் தமிழுக்கும் பொறுப்பு.

அணைக்கரையைத் தாண்டி வந்த தண்ணீர்
கோரைத்திட்டை மூடி இது இரண்டாம் நாள்.
கத்தரிக்கொல்லைக்கு மேலே போகிறோம்.
முல்லைக்கொல்லை எங்கே முடிந்தது, ஆறு எங்கே தொடங்கியது,
மின்கம்பங்களை எண்ணித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.
ஏழாவது கம்பத்தில் கம்பி தாழ்ந்து தொங்குகிறது.
மின்சாரத்தை நிறுத்தியாயிற்று என்கிறது வாரியம்.
போரோ வாரியத்தை நம்புவதில்லை.
மோட்டாரை அணைத்து, தலையைக் குனிந்து
துடுப்புப் போடுகிறோம்.

"இந்த ஆற்றுக்கு என்ன பேர்?" இந்தியில் கேட்கிறார்.
கொள்ளிடம்.
"அப்படியென்றால்?"
காவிரி கொள்ளாததைக் கொள்ளும் இடம்.
படகின் வெள்ளை எழுத்தை ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்.
சிரிக்கவில்லை.

காலனி வீட்டு மொட்டைமாடியில்
ஏழு பேர் என்றது வயர்லெஸ்.
சரியாக ஏழு பேர்தான்.
அதோடு ஒரு மூட்டை, முப்பது கிலோ,
சீல் பிரிக்காத விதைநெல்,
ஆயிரத்தொம்பது.
அதன்மேல் உட்கார்ந்திருந்தாள் தையல்நாயகி,
நைட்டிக்கு மேல் ஈரத்துண்டு போட்டு.
"மூட்ட வந்தா நானும் வர்றேன்."
விதிமுறை சொன்னேன்.
"சங்கத்துல கடன் சொல்லி எடுத்தாந்தது.
தவணைய ஒங்க விதிமுறையா கட்டும்?"

என்ன சொல்கிறாள், என்றார் போரோ.
கைக்குழந்தைக்கு மாவு என்றேன்.
வாய் தானாகச் சொல்லிவிட்டது.
முப்பது கிலோ மாவு!
அவரும் நெல் விளையும் ஊர்க்காரர்.
சாக்கை உள்ளங்கையால் அழுத்தினார்,
உள்ளே மணிகள் நழுவுவதைக்
கண்ணை மூடிக் கேட்டார்.
பிறகு எல்லையாவிடம் விரல் நீட்டினார்:
உபரி பெட்ரோல் டின்,
நங்கூரம்,
கருவிப் பெட்டி.
மூன்றும் மாடியில் இறங்கின.
மாவு ஏறியது.

திரும்பும்போது ஐந்தாவது கம்பத்தருகே
மோட்டார் இருமி நின்றது.
விசிறியில் நைலான் வலை,
யார் வீட்டுக் கோழிக்கூண்டிலிருந்தோ.
கருவிப் பெட்டி மாடியில் இருந்தது.
நங்கூரமும் மாடியில் இருந்தது.
படகு பக்கவாட்டில் திரும்பி
பழையாற்றுப் பக்கம், கடல் பக்கம் போகத் தொடங்கியது.
எல்லையா கழியை ஊன்றிப் பார்த்தான். தரை இல்லை.
போரோ இடுப்புக் கத்தியோடு இறங்கினார்.
நான் கயிற்றைப் பிடித்திருந்தேன்.
ஒரு பையன் கடந்துபோகும் கம்பங்களைச்
சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தான்,
யாரும் அவனை அதட்டவில்லை.
பதினொரு நிமிடம்.
மேலே வந்து மூக்கைச் சிந்தினார் போரோ.
என் முகத்தை அவர் பார்க்கவேயில்லை.
திட்டியிருந்தால் தேவலை.

கரையில் பதிவேடு.
நடை: மூன்று. ஆட்கள்: ஏழு.
எரிபொருள்: பதினாறு லிட்டர்.
பிற, என்றொரு கட்டம் எப்போதும் காலியாகக் கிடக்கும்.
அதில் இந்தியில், பள்ளிக்கூடப் பையன் மாதிரி
அழுத்தி எழுதினார்:
மாவு, முப்பது கிலோ.

பள்ளிக்கூட வராந்தாவில்
தையல்நாயகி சாக்கின் அடிமூலையைப் பிரித்து
முழங்கைவரை கைவிட்டாள்.
"ஊறிருச்சு" என்றாள்.
ஊறினால் நாளைக்கு முளைகட்டும்,
நாளை மறுநாள் தெளித்தாக வேண்டும்.
அவள் நாற்றங்காலுக்கு மேலேதான்
காலையில் நாங்கள் துடுப்புப் போட்டது.
துண்டை விரித்து நெல்லைப் பரப்பத் தொடங்கினாள்.
துண்டு போதவில்லை.
என் மழைக்கோட்டைக் கழற்றிக் கொடுத்தேன்.
அதுவும் போதவில்லை.

"மாசிலாமணி!"
போரோ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.
கருவிப் பெட்டியை எடுத்துவர வேண்டும்.
தண்ணீர் இன்னும் ஒரு சாண் ஏறியிருந்தது.