தப்பு

எங்கள் சலவை இயந்திரத்துக்கு ஒரு கால் குட்டை.
சோப்புத்தூள் பெட்டியின் அட்டையை
எட்டாய் மடித்து அம்மா அண்டைகொடுத்திருந்தாள்.
இரவுப் பணிக்கு அவள் மருத்துவமனை கிளம்பியதும்
அதை உருவிவிடுவேன்.

டடக் டக். டடக் டக்.
பிழிகிற சுற்று வரும்போது
மருள் வந்ததுபோல் உதறிக்கொண்டு
சமையலறை நடுவுக்கே நடந்து வரும்.
நானும் தம்பி ழிஸ்லேனும்
மூடியின் மேல் கரண்டியால் பதில் சொல்வோம்.
மூன்று அடிக்குள் இரண்டு அடி எப்படி அடங்கும் என்று
யாரும் சொல்லித் தரவில்லை.
நனைந்த போர்வைகள் சொல்லின.

கீழ்வீட்டு மதாம் க்ரோந்தேன்
துடைப்பக்கட்டையால் தன் கூரையை இடிப்பாள்.
அதையும் சேர்த்துக்கொண்டோம்.

கரும்பு வெட்டு முடிந்து
சேன்-லூயி ஆலையின் புகை அடங்கும் மாதம்,
கோயிலில் தீமிதி.
தப்படிக்க ஓர் ஆள் குறைந்தது. எனக்குப் பதினொன்று.
வைக்கோல் நெருப்பில் தோலைக் காட்டு,
கருகாமல் காட்டு என்றார்கள்.
கருக்கினேன்.
அந்த வருடம் என் தப்பு மட்டும்
சளி பிடித்தவன்போல் இருமியது.

பாண்டிச்சேரியிலிருந்து வந்திருந்த நாகசுரக்காரர்
வாயிலிருந்து சீவாளியை எடுத்துவிட்டுச் சிரித்தார்:
"தப்பைத் தப்பா அடிக்கிறியேப்பா."

எங்கள் வீட்டில் தமிழ்
பெயர்களிலும் சாமி பாட்டிலும்தான் மிச்சம்.
சனிக்கிழமை வகுப்பில் அகராதி இரவல் வாங்கினேன்.
தப்பு: ஒரு வகைப் பறை.
தப்பு: பிழை.
தப்பு: துணியைக் கல்லில் அறை.
தப்பு: பிழைத்து ஓடு.
நான்கின் கீழும் கோடு கிழித்தேன், பேனாவால்.
அபராதம் இரண்டு யூரோ.

பிறகு ஓடவும் செய்தேன்.
டயர் கடையில் இரண்டு வருடம் காற்றடித்து
பழைய டிரம் செட் ஒன்று,
அதில் ஒரு சிம்பல் விரிசல்.
கல்யாணம், ஞானஸ்நானம், மாநகராட்சி விருந்து.
முதல் சம்பளம் நாற்பது யூரோவும்
மீந்த சமோசா ஒரு பெட்டியும்.
எல்லோரையும் முந்திக்கொண்டே வாசித்தேன்.
பேஸ் கிட்டார் சினிமாலே பாட்டு நடுவே கத்துவான்:
"எங்கேடா ஓடுற? இந்தத் தீவில் ரயிலே கிடையாது!"

நின்று வாசிக்க எட்டு வருடம் ஆயிற்று.

இப்போது இதுதான் வேலை.
வருடத்துக்கு ஐந்நூற்றேழு மணி நேரம் காட்டினால்
வேலையில்லாத மாதங்களுக்கு அரசு பணம் தரும்.
ஒரு கச்சேரிக்குப் பன்னிரண்டு மணி என்று கணக்கு.
போன வருடம் நாற்பத்திரண்டு கச்சேரி.
பெருக்கிப் பாருங்கள், மூன்று மணி குறையும்.
அந்த மூன்றுக்காக
ஒரு மீன்கடைத் திறப்புவிழாவில்
நட்டநடு வெயிலில் வாசித்தேன்.
ஐஸ்கட்டி மேல் சூரைகள் வாய் பிளந்து கேட்டன.
நல்ல ரசிகர்கள். யாரும் செல்போனைப் பார்க்கவில்லை.

அம்மா வாங்கிய புது இயந்திரம் சத்தமே போடுவதில்லை.
ஓடுகிறதா என்று கை வைத்துப் பார்க்கிறாள்.
பழையதை இரும்புக்காரன் தூக்கிப்போன அன்று
அட்டையை மட்டும் எடுத்துவைத்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் சேன்-ழில் கடற்கரை ஹோட்டல்.
மழைநீர் வடியவென்று
தளத்தைச் சரிவாய்ப் போட்டிருக்கிறார்கள்.
உதைக்க உதைக்க பெரிய டிரம் முன்னால் நகரும்.
அதன் காலுக்கடியில்
எட்டாய் மடித்த அதே அட்டை.
ஒன்பதரை மணிவரை எல்லாம் ஒழுங்கு.
தட்டுகளுக்கு இடைஞ்சல் இல்லாத தாளம்,
மேலாளர் தலையாட்டுவார்.

அவர் கார் கிளம்பும் சத்தம் கேட்டதும்
குனிந்து
உருவிவிடுவேன்.

சினிமாலே தலையில் அடித்துக்கொள்வான்.
போன வாரம்
நீச்சல்குளத்துக்கு ஒரு முழம்தான் பாக்கி.