ஏழடி

மலாக்கி டர்க்கனின் உயிலில் என் பெயரைப் படித்ததும்
வக்கீல் ஹெஃபர்னான் அம்மாள்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
பெல்முல்லட் முழுக்கத் தெரியும்,
அவனும் நானும் பேசிப் பத்தொன்பது வருடம்.

"நிறைவேற்றுநர்: ஃபெஸ்டஸ் பேடன், பக்கத்து நிலம்.
வேலிக்கம்பி ஓரங்குலம் சாய்ந்தாலும்
விடியுமுன் வந்து நிற்பவன்.
என் காசில் ஒரு சென்ட் குறைந்தாலும் அவனுக்குத் தூக்கம் வராது."

மறுக்கலாம், என்றாள். அதற்கும் படிவம் உண்டு.
வாங்கிச் சட்டைப்பையில் வைத்தேன்.
சட்டையை ஒருமுறை துவைத்தாயிற்று.

முதலில் அடக்கச் செலவு, அப்புறம் வரி,
அப்புறம் கடன்காரர்கள்.
மிஞ்சினால் பெர்த் நகரத்தில் இருக்கும் தங்கை மகள் ஓனாவுக்கு.
செத்தவன் வீட்டு வாசலிலும் க்யூ இருக்கிறது;
ஒழுங்கு பார்க்க நான்.

தொலைபேசிக்காரி சொன்னாள்:
கணக்கு யார் பெயரிலோ அவரோடுதான் பேசுவோம்.
அவரால் வர முடியாது, என்றேன்.
எப்போது வசதிப்படும், என்றாள்.

செம்மறி பதினாறு, ஒன்று நொண்டி.
டிராக்டரைச் சுற்றி வந்த மதிப்பீட்டாளன்
"பழைய இரும்பு" என்று எழுதினான்.
சமையலறை இழுப்பறையில்
காதுக்கருவிக்கான பேட்டரி நான்கு பாக்கெட், பிரிக்காமலே.
அப்படியானால்
மழையில் நின்று நான் கத்தியதெல்லாம்?

நாய் எந்தப் பட்டியலிலும் இல்லை.
அதன் பெயர் எனக்குத் தெரியாது.
இத்தனை நாள் "அவன் நாய்", அவ்வளவுதான்.
"வா" என்றால் வருகிறது.

பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தேன்:
பாக்கி உள்ளவர்கள் ஆதாரத்தோடு வரவும்.
நிலக்கரிக்காரன் வந்தான், அறுபது யூரோ.
கால்நடை மருத்துவர் தொகையைச் சொல்லவே கூச்சப்பட்டார்.
மூன்றாவது கடன்காரன் நான்தான்.
வேலி போட்டதில் பாதிச் செலவு, இருநூற்றுப் பன்னிரண்டு யூரோ;
தகராறே அதில்தான் தொடங்கியது.
ரசீதை வைத்திருந்தேன். எழுதினேன், அடித்தேன்,
மறுபடி எழுதினேன். கடன் கடன்தானே.

பிஸ்கட் டப்பாவின் அடியில் அந்த வரைபடம் கிடைத்தது.
அளவையாளரின் முத்திரை, வேலி போட்ட மறு வருடத் தேதி.
சிவப்புக் கோடு என் வேலியில் இல்லை;
என் பக்கம் ஏழடி உள்ளே ஓடுகிறது,
சாலையிலிருந்து கடல்வரைக்கும்.

அவனுக்குத் தெரிந்திருக்கிறது.
மடிப்புகள் நைந்து கிழிந்திருந்தன;
எத்தனை ராத்திரி எடுத்துப் பார்த்தானோ.
ஒரு நாளும் என் கதவைத் தட்டவில்லை.

பன்னிரண்டு வருடம் தாண்டிவிட்டதே, என்றாள் வக்கீல்.
அனுபோக பாத்தியதை உங்களுக்கே.
ஆனால் அதைக் கோர வேண்டியவரும் நீங்கள்,
எதிர்க்க வேண்டியவரும் நீங்கள்.
கட்டணத்தை யாரிடம் வாங்குவது என்றுதான் புரியவில்லை.

மனிதனுக்கு ஆறடி போதும் என்பார்கள்.
அவனுக்கு அதைக் கல்லறையில் அளந்து கொடுத்தாயிற்று.
இந்த ஏழாவது எங்கே போகும்?

நேற்று அவன் மேசையில், அவன் பேனாவால்,
"திரு. பேடன் அவர்களுக்கு" என்று தொடங்கினேன்.
காலஞ்சென்ற டர்க்கனின் சொத்தின் சார்பாக
வேலியை ஏழடி பின்னே நகர்த்தும்படி.
வேலிச் செலவில் பாதி கேட்ட தங்கள் கோரிக்கை
நிராகரிக்கப்படுகிறது.
கடைசியில் "வருத்தத்துடன்" என்று எழுதி,
அது வழக்கமில்லையே என்று அடித்தேன்.

தபால் தலை செலவைச் சொத்துக் கணக்கில் வைத்தேன்.
இன்று காலை தபால்காரி
உறையின் இருபுறமும் பார்த்துவிட்டு
ஒன்றும் கேட்காமல் நீட்டினாள்.
நாய் அவள் காலடியில் படுத்திருந்தது.

பதிலுக்கு இருபத்தொரு நாள் கொடுத்திருக்கிறேன்.
ஆள் பிடிவாதக்காரன்.
பார்க்கலாம்.