லாட் நாற்பத்து மூன்று

ஈரம் என்று எழுத எனக்கு அனுமதி இல்லை.
'காற்றோட்டம் தேவைப்படலாம்' என்று எழுதுவேன்.
கூரை தொய்ந்திருந்தால் 'தனித்தன்மை மிக்கது.'
சமையலறையே இல்லாவிட்டால்
'வாங்குபவர் தம் ரசனைப்படி அமைத்துக்கொள்ளலாம்.'
பதினோரு வருடமாக இதுதான் பிழைப்பு.
பர்ன்லியில் பாழாய்க் கிடக்கும் வீடுகளுக்கு
முகம் கழுவி, பவுடர் போட்டு,
ஏலப் பட்டியலில் உட்காரவைப்பது.

ஹோல்ட் தெரு, எண் பதினேழு.
கீழே இரண்டு அறை, மேலே இரண்டு.
வீட்டுக்காரி வெரா ஆர்மரோட்
மார்ச் மாதம் போய்விட்டாள்.
கேமராவோடு நான் போன அன்று
பின்படுக்கையறையின் நட்டநடுவே
ஒரு நீல வாளி.
வாளியில் ஒட்டிய நாடாவில் கொட்டை எழுத்து:
செவ்வாய், வெள்ளி.

வாளியை நகர்த்திவிட்டுப் படம் எடுத்தேன்.
'வெளிச்சமான இரண்டாம் படுக்கையறை.'
திரும்ப அதே இடத்தில் வைத்தேனா,
நினைவில்லை.

ஏலம் வியாழக்கிழமை,
கால்பந்து மைதானத்து விருந்துக் கூடத்தில்.
காப்பி இலவசம். ஆறிப்போன காப்பி.
பூட்ஸில் சுண்ணாம்பு காயாத பூச்சு வேலைக்காரர்கள்,
ஒரு தொகையைத் தாண்ட மாட்டோம் என்று
ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்த ஜோடி,
ஏற்கெனவே ஒரு தெருவில் பாதியை வாங்கிவிட்டு
மீதிப் பாதிக்கு வந்திருந்த கோட்டுக்காரர்.
மூன்றாம் வரிசையில், எண் அட்டை இல்லாமல்,
ஹெட்லி ஆர்மரோட். வெராவின் தம்பி.
விலை பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"வாளியைப் பற்றி எங்கே போட்டிருக்கிறீர்கள்?"
என்று என்னிடம் கேட்டார்.
ஆவணக் கட்டு எண்பத்து நான்கு பக்கம்.
அடியில் ஓடும் நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது,
சாக்கடை வரைபடம் இருக்கிறது,
பக்கத்து வீட்டுப் புகைபோக்கியில் யாருக்கு எத்தனை பங்கு
என்றுகூட இருக்கிறது.
நான் பக்கங்களைப் புரட்டினேன்,
இல்லாததைத் தேடுகிற பாவனையில்.

அதற்குள் பியர்ஸ் வாட்மஃப் ஆரம்பித்துவிட்டார்.
இருபது. இருபத்திரண்டு. அங்கே, ஐயா, இருபத்தைந்து.
ஜோடி முப்பதில் கையை விட்டது.
கோட்டுக்காரர் நாற்பதில் தலையை ஆட்டினார்.
நாற்பத்தோராயிரத்து ஐநூறு பவுண்டு,
ஒருதரம், இரண்டுதரம்,
சுத்தியல்.
தொலைபேசியில் யாரோ.
வீட்டைப் பார்த்ததே இல்லையாம்.

ஹெட்லி எழுந்து தொலைபேசி மேசைக்குப் போனார்.
போய்ச் சேர்வதற்குள் அந்தப் பெண் வைத்துவிட்டாள்.
அதனால் என்னிடமே சொன்னார்:
ஒரு புயலில் ஓட்டுப்பலகை மூன்று நழுவியது.
கூரைக்காரன் இரண்டாயிரம் கேட்டான்.
வாளி மூன்று பவுண்டு என்றாள் வெரா.
இருபத்தாறு வருடம். ஒரு சொட்டு கீழே இறங்கவிடவில்லை.
மார்ச்சிலிருந்து இரண்டு பேருந்து மாறி
அவரே வந்து கொட்டுகிறார்.

"அவர்கள் கைக்குப் போக எத்தனை நாள்?"
இருபத்தெட்டு, என்றேன்.
"அதுவரை எங்கள் வீடுதானே?"
ஆமாம்.
"அப்படியானால் நாளை வெள்ளிக்கிழமை,"
என்று தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நான்கு வெள்ளி. நான்கு செவ்வாய்.
அந்த மாதம் எங்கள் ஊரில் மழைக்குக் குறைவில்லை.

இருபத்தெட்டாம் நாள் உறையில் சாவி வந்தது,
நாடா சுற்றி.
செவ்வாய், வெள்ளி.
அதன் கீழே, புது மையில்:
மேற்கிலிருந்து காற்றடித்தால் ஞாயிறும்.

சாவியைத் தவிர வேறெதுவும் அனுப்பக் கூடாது,
வீட்டின் நிலைபற்றி நாங்கள் வாய் திறக்கக் கூடாது.
விதி.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு உறையை ஒட்டி,
பதிவேட்டில் என் பாஷையில் எழுதினேன்:
'சாவி ஒன்று. அசல் அம்சங்களுடன்.'