முழங்கால்

ஏலிசெயோ நவெல்கின் நல்லவன் என்று
நான் சொல்ல வரவில்லை.
சனிக்கிழமை போர்வெனீரில் குடித்தானென்றால்
யாருடைய மூக்காவது உடையும்.
போன வருடம் உடைந்தது அவனுடையது.

ஆனால் கொட்டகைக்குள்
சினையாட்டைக் கதவிலிருந்து இழுத்து வருகையில்
அதன் வயிறு எங்கும் இடிபடாது.
உட்காரவைத்து, முதுகைத் தன் முழங்கால்களில் சாய்த்து,
ஒரு நொடி சும்மா நிற்பான்.
கையிலிருக்கும் இயந்திரம் காற்றை வெட்டிக்கொண்டிருக்கும்.
அந்த நொடிக்கு யாரும் கூலி தருவதில்லை.

இறுக்கினால் ஆடு உதைக்கும்.
விட்டாலும் உதைக்கும்.
நடுவில் ஓர் இடம் இருக்கிறது,
அவன் முழங்காலுக்குத்தான் தெரியும்.
கண்ணைத் திறந்து வைத்தபடியே
ஆடு கனத்துப்போகும்.

கழுத்து மடிப்பை இடக்கை நீவிக் கொடுக்க
பின்னாலேயே கத்தி வரும்.
காம்புக்கு அருகில் கட்டைவிரலால் மூடிக்கொள்வான்,
பட்டால் விரலில் படட்டும் என்று.
பட்டிருக்கிறது. நான்தான் கட்டுப் போட்டேன்.
வசவெல்லாம் எனக்கு,
ஆட்டுக்கு ஒரு சொல்லும் இல்லை.

ஓயார்சோ நாளைக்கு நூற்றெண்பது ஆடு.
இவன் நூற்று முப்பதைத் தாண்டியதில்லை.
கரும்பலகையில் இரண்டு எண்ணும் பக்கத்துப் பக்கத்தில்.
கம்பளி பிரிக்கும் மேசையில் நிற்பவளுக்கு
பலகை வேண்டாம்:
ஓயார்சோவின் கம்பளியில் சிவப்பு இருக்கும்.
"தாலாட்டும் பாடேன் அதுக்கு" என்பான் அவன்.
நவெல்கின் துப்புவான். அதுதான் பதில்.

மென்மை என்னவென்று என்னைக் கேட்டால்
பூ, பஞ்சு என்றெல்லாம் சொல்ல வராது.
தொண்ணூறு கிலோ ஆள், அறுபது கிலோ ஆடு.
அத்தனை பலமும் அங்கேயேதான் இருக்கிறது,
எங்கும் போய்விடவில்லை.

அக்டோபரில், காற்று கூரைத் தகரத்தைப் பிடுங்கிய நாளில்,
வானொலியில் வந்த தகவலோடு சமையல்காரன் ஓடி வந்தான்.
கெயோனில் இவன் தம்பியின் படகு.
படகு கிடைத்துவிட்டதாம்.

நவெல்கின் கையிலிருந்த ஆட்டை முடித்தான்.
இடுப்பு, பின்னங்கால், வால், எல்லாம்.
சரிவில் மெல்ல இறக்கிவிட்டான்.
பிறகு பலகைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தான்,
ஆடு உட்காருமே, அப்படி.

இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன.
பன்னிரண்டு ஆண்கள்.
கையை எங்கே வைப்பதென்று ஒருவனுக்கும் தெரியவில்லை.

ஓயார்சோதான் போனான்.
பின்னால் நின்றான். பேசவில்லை.
முழங்காலைக் கொஞ்சம் மடக்கி
அந்த முதுகுக்குக் கொடுத்தான்.
முதலில் அதிகமாக அழுத்திவிட்டான் போல,
நவெல்கினின் தோள் உதறியது.
கொஞ்சம் தளர்த்தினான்.
இன்னும் கொஞ்சம்.

நான் மேசைக்குத் திரும்பிவிட்டேன்.
பார்த்துக்கொண்டிருக்கும் விஷயமில்லை அது.
அந்த ஆட்டின் கம்பளி
இன்னும் சூடாக இருந்தது,
ஒரே துண்டாக.