பெப்ரவரி பன்னிரண்டுக்குப் பிறகு

காலை எட்டரைக்கு மழைமானியைத் தூக்கி
கண்ணாடிக் குழாயில் ஊற்றி
கண்மட்டத்துக்குப் பிடிப்பேன்.
பதினொன்று புள்ளி நான்கு.
ஆபீஸ் புத்தகத்தில் எழுதி, பக்கத்தில் கையெழுத்து.
ஒன்பது வருஷத்தில் ஒரு நாளும் விட்டதில்லை.
துளி விழாத நாளுக்கும்
"இல்லை" என்று எழுத ஒரு சொல் இருக்கிறது.

என் கொப்பிக்கு அப்படி ஒன்று இல்லை.

பொகவந்தலாவை டவுனில்
பஸ் உறுமிக்கொண்டு நிற்கிற அவசரத்தில் வாங்கினது.
சி.ஆர். கொப்பி, அட்டையில் மயில்.
முதல் மாதம் என்னவெல்லாம் எழுதினேன்!
கணக்கப்பிள்ளை ஸ்டனிஸ்லாஸ் தும்மும்போது
தராசு முள் ஆடுவதை.
ஏழாம் நம்பர் மலையில் மேகம் இறங்கி
பேர் கூப்பிடும் குரலை மட்டும் விட்டுவிட்டு
ஆட்களை எடுத்துக்கொண்டதை.
ஸ்டோர் மாடியில் வாடுகிற கொழுந்தின் வாசம்
அப்பிள் பழம் மாதிரி என்று ஒரு ராத்திரி.
இல்லை, பூனைக்குட்டி வயிறு மாதிரி என்று
மறு ராத்திரி வெட்டி எழுதினேன்.

நவம்பரில் வரிகள் குட்டையாயின.
"இன்றும் மழை" என்று நாலு நாள்.
"மேற்படி" என்று ஒரு நாள்.
அது ஆபீஸ் பாஷை. வெட்கமாக இருந்தது.
பெப்ரவரி பன்னிரண்டு:
"நாளைக்கு விரிவாக."

துக்கம் எதுவும் நடக்கவில்லை.
கரண்ட் இருந்தது. பேனையில் மை இருந்தது.
யாரும் திட்டவில்லை, சிரிக்கவில்லை.
ஒரு ராத்திரி எழுத உட்கார்ந்தபோது
அடுத்த வரி என்னவென்று
எழுத முன்னமே எனக்குத் தெரிந்திருந்தது.
அதற்கடுத்த வரியும்.
மூடிவிட்டுப் படுத்தேன்.

பிறகு கொப்பி பார்க்கத் தொடங்கியது,
கடன் கொடுத்தவள் பஸ்சில்
எதிர் சீட்டில் உட்கார்ந்த மாதிரி.
றேடியோவுக்குப் பின்னால் தள்ளினேன்.
அங்கிருந்து எங்கே போனதென்று
தேடவில்லை. உண்மையைச் சொன்னால்
நிம்மதி.

டிக்கோயாவிலிருந்து ஜெபமணி மட்டும் போனில்
"என்ன, எழுதுறியா?" என்பாள்.
"எழுதுறேன், எழுதுறேன்."
பிறகு "எழுதுறேன்."
பிறகு "ம்."
பொய்யும் குட்டையாகிக்கொண்டே வந்தது.

மே கடைசியில் லைட் பில் தேடப்போய்
அரிசிப் பெட்டிக்குள் அகப்பட்டது,
மயிலின் கழுத்தில் மிளகாய்த்தூள் விரலடையாளம்.
"நாளைக்கு விரிவாக" என்றதன் கீழே
தம்பி பெண்சாதி கோகிலவதனியின் கோணல் எழுத்து:

பெப். 13. மா ரெண்டு கிலோ. டின்மீன் ஒன்னு. சின்னவனுக்கு பெனடோல்.
பெப். 14. ஒன்னும் வாங்கல.
பெப். 15. தேங்கா பாதி. மத்தப் பாதி செல்வராணி வீட்டுக்கு.

மார்ச் பத்து, சம்பளம். கீழே இரண்டு கோடு,
இரண்டாவது கோடு பேப்பரைக் கிழித்திருந்தது.
ஏப். 3. சீனி இல்ல. வெறுந்தேத்தண்ணி. பரவாயில்ல.

நின்றுகொண்டே படித்தேன்.
மாவுக்கு விலை எழுதலாம், சரி.
"பரவாயில்ல" என்பதை யாருக்கு எழுதினாள்?

"சும்மாதானே கெடந்துச்சு அக்கா"
சட்டி தேய்த்தபடி, திரும்பாமல் சொன்னாள்.
"ஆமா" என்றேன்.
கேட்க இன்னும் இருந்தது. கேட்கவில்லை.

ஏப்ரல் கூட்டலில் நாற்பது ரூபா பிழை.
கடைக்காரனுக்குக் கூடக் கொடுத்திருக்கிறாள்.
பேனை எடுத்தேன், மூன்றரை மாதத்துக்குப் பிறகு.
எட்டை வெட்டி நாலாக்கினேன்.
கை, பழக்கத்தில்,
பக்கத்தில் ஒரு கையெழுத்தும் போட்டுவிட்டது.

லைட் பில் கிடைக்கவில்லை.
கொப்பியை அரிசிமேலேயே திரும்ப வைத்தேன்.
இன்னும் நாற்பத்தொரு பக்கம் இருக்கிறது.
வருஷக் கடைசி வரைக்கும்
அவளுக்குக் காணும்.