ஒவ்வொரு கிழமையும்

ஞாயிறு. எட்டரைக்குக் கையொப்பம்.
களுவாஞ்சிக்குடியில் கடையைப் பூட்டிவிட்டு
ஏழு மணி பஸ்ஸில் வந்து
கல்லடியில் இறங்கினேன்.
அடுத்த தெருப் பாமசி இன்றைக்கும் திறந்துதான் இருக்கும்,
மருந்தாளர் இல்லாமல்.

கழுத்தில் ஒரு அட்டை. ஒரு கோப்பு. ஒரு பேனை,
பேனையில் இருமல் பாணி ஒன்றின் பெயர்.
இன்றைக்கு நாலு புள்ளி.
இன்னும் ஆறு சேர்ந்தால்
என் அனுமதிப்பத்திரம் உயிரோடிருக்கும்.

பக்கத்தில் ஏறாவூர் ஜெசீமா,
ஒரே வருடம் பரீட்சை எழுதியவர்கள் நாங்கள்.
பின்வரிசையில் வாழைச்சேனைப் பெடியன்
வாயைத் திறந்தபடி நித்திரை.
ஏசி சரியாக எங்கள் தலைக்கு மேல் சொட்டுகிறது.

கண்டியிலிருந்து வந்த விரிவுரையாளர்
திரையில் இரண்டு பெட்டிகளைக் காட்டுகிறார்.
ஒரே நீலம். பெயரில் ஓரெழுத்துத்தான் வித்தியாசம்.
எல்லோரும் சிரிக்கிறோம்,
தெரிந்த கள்ளனைக் கண்டதுபோல.

அடுத்தது மெதொட்ரெக்சேற்.
மூட்டுவாதத்துக்கு, ஏழு நாளில் ஒரே ஒரு நாள்.
நாளாந்தம் போட்டால்,
கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறார்,
என்புமச்சை இரத்தம் செய்வதை விட்டுவிடும்.

எனக்குத் திரை தேவையில்லை.

போன மாரியில் வந்தா பூமணிதேவி,
குருக்கள்மடத்திலிருந்து.
இடியப்ப உரலைப் பிடிக்கவே ஏலாமல்
மணிக்கட்டு இரண்டும் வீங்கி.
துண்டில் டொக்டர் சரியாகத்தான் எழுதியிருந்தார், இங்கிலிசில்.
தமிழாக்கியது நான்.
பன்னிரண்டு குளிசை, மூன்று மாதத்துக்கு.
உறையில், என் வடிவான எழுத்தில்:
ஒவ்வொரு கிழமையும் ஒன்று.

திங்கட்கிழமை ஒன்று போட்டிருக்கிறா.
செவ்வாய்க்கிழமை ஒன்று.
புதன்கிழமை. வியாழக்கிழமை.
மச்சம் தின்னாத வெள்ளிக்கிழமையும் ஒன்று.
ஒரு கிழமையையும் விடவில்லை,
விரதம் பிடிக்கிறமாதிரி.

ஒன்பதாம் நாள் என்னிடமே வந்தா.
'வாயெல்லாம் புண் மனே, தேத்தண்ணியும் இறங்குதில்ல.'
விற்றமின் பீ கொடுத்தேன்.
மிச்சக் காசை எண்ணிக் கொடுத்தேன்.

பன்னிரண்டாம் நாள் உறை வெறுமை.
பெரியாஸ்பத்திரி. பதினெட்டு நாள்.
யார் யாருடையதோ இரத்தம், மூன்று பை.
பிழைத்துக்கொண்டா.
மகன் அந்த உறையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.
ஏசவில்லை.
எழுத்தை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினான்.

தேநீருக்கு முந்தி வினாத்தாள்.
ஏழாவது கேள்வி: இந்த மருந்து எவ்வளவுக்கொரு தடவை?
மண்டபம் முழுக்க 'இ' போடுகிறது,
நித்திரைப் பெடியனும்.
சரிதான்.
பிழை நடந்த மொழியில் யாரும் கேள்வி கேட்கவில்லை.

கை உயர்த்துகிறேன்.
'உறையில தமிழில என்ன எழுதுறது, மேடம்?
கிழமை எண்டாலும் ஏழு நாள். கிழமை எண்டாலும் ஒரு நாள்.'
மொழிபெயர்க்கிறவர் தடுமாறுகிறார்.
நல்ல கேள்வி, தேநீர் நேரம் பேசுவோம் என்கிறார் அவர்.
தேநீர் நேரம் அவரைச் சுற்றிப் படம் எடுக்கிறார்கள்.

ஜெசீமா ரோல்ஸைப் பாதியில் வைத்துவிட்டுக் கேட்கிறாள்:
'ஆள் இரிக்கா?'
'இருக்கிறா.'
'நானும் அப்பிடித்தான் எழுதுற,' என்கிறாள்,
எண்ணெய்க் கையைத் துடைக்காமல்.

சான்றிதழில் என் பெயரில் ஒரு எழுத்துப் பிழை.
திருத்த ஒரு வரிசை நின்றது.
பஸ் போய்விடும் என்று வந்துவிட்டேன்.

திங்கள் காலை.
பூமணிதேவி கடைப்படியில் செருப்பைக் கழற்றுகிறா.
ஏன் இன்னும் என்னிடமே வருகிறா என்று
நான் கேட்டதில்லை.
இது பிறஷர் குளிசை, வேறொன்றும் இல்லை.
உறையில் எழுதி, கொடுக்காமல் வைத்துக்கொண்டு கேட்கிறேன்:
'எப்ப எப்ப போடுவீங்க? ஒருக்காச் சொல்லுங்க.'

அவ உறையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்க்கிறா.
'முதல்ல நீ சொல்லு மனே.'